பெட்டி பார்த்த படலம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் பெட்டி பார்க்கப் போயிருந்தேன். இதனை அச்சுப்பிழை என்று எண்ணிப் ‘பெண் பார்க்க’ எனத் திருத்தி வாசிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். பார்த்தது பெட்டியேதான், இரண்டு சில்லும் ஓர் இழுவைத்தண்டும் கொண்டு, லான்ட்மாஸ்டருக்குப் பின்னே கொழுவப்படும் இரும்புப் பெட்டி. ஆயினும், பெண் பார்க்கும் படலத்திற் போலவே இதிலும் தரகர் உண்டு, தரகர் சொல்லாமல் விடுவனவும் உண்டு.

என்னை அழைத்துச் சென்றவர் என் பழைய மாணவர். கிளிநொச்சிக்கு அணித்தாக, ஏ-9 வீதியிலிருந்து சற்று உள்ளே, மோட்டார்ச் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். வீதியோரம் பழுதாகும் சைக்கிளை உருட்டிக்கொண்டே கடைக்கு வந்துவிடலாம். குளத்துக்கு அப்பால், வயலுக்கு நடுவே, எட்டு மைல் பத்து மைல் தொலைவில் நின்றுபோன சைக்கிளை யார் உருட்டுவது? ஆகவே சென்று ஏற்றிவருவது அவர் தொழிலின் ஒரு பகுதியாயிற்று. அறுவடைக் காலத்தில் அதே பெட்டியில் நெல்மூடை, மற்றக் காலத்தில் விறகு, கோடையில் தண்ணீர்த் தாங்கி. ஒரு பெட்டி நான்கு வேலை செய்தாற்றான் அதற்கிட்ட பணம் திரும்பும்.

இத்தொழில் பெருகியதற்குக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; 2025இலேயே அத்தடை தளர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிற் புதுச் சைக்கிள் வாங்க வழியின்றிப் பழைய சைக்கிள்களுக்கு வந்த மதிப்பை நாம் அனைவரும் கண்டோம். தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடிப் புகை கக்கிய கிழட்டுச் சைக்கிளுக்கும் யோகம் அடித்தது. எறிய வேண்டியதைத் திருத்தினார்கள். திருத்தியதையே மீண்டும் திருத்தினார்கள்.

2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு நாள் மாலை, அம்மாணவர் இரண்டு சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு ஒரு குளக்கட்டால் வந்திருக்கிறார். ஒன்று மீன் விற்பவர் ஒருவருடையது. பின்னே மீன்பெட்டி கட்டி ஊரூராகச் சென்று ஐந்து பேருக்குச் சோறு போடும் சைக்கிள். பெட்டியின் பின் ஓரத்தில் தமக்கையின் மகன், பதினாறு வயதுப் பையன், சைக்கிள்களை விழாமற் பிடித்தபடி நின்றிருக்கிறான். கட்டிலிருந்து இறங்கும் சரிவில் பெட்டி வண்டியைத் தள்ளத் தொடங்கியது. மிதித்த பிறேக் பிடிக்கவில்லை. பையனுடைய கால் இரண்டிடத்தில் முறிந்தது. மீன்காரரின் சைக்கிளுக்கு முன்கவை வளைந்து தாங்கியும் உடைந்தது. அச்செலவை மாணவரே ஏற்றார். சைக்கிள் ஓடாத ஏழு கிழமைகளுக்கு யார் ஈடு கொடுப்பது என்பதில் இருவருக்கும் உண்டான மனத்தாங்கல் இன்னும் முற்றாக ஆறவில்லை.

“சேர், இந்த முறை நீங்கள் ஒருக்கால் வந்து பார்த்தாற்றான் வாங்குவன்” என்றார். நான் இயந்திரம் படித்தவனல்லன். வகுப்பில் நெம்புகோல் படிப்பிப்பவன். அது போதும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

லான்ட்மாஸ்டர் என்பது ஒரு காலத்தில் இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரிற் செய்யப்பட்ட இருசில்லு உழவு இயந்திரத்தின் பெயர். அதனை வடிவமைத்தவர் நம் நாட்டவரான ரே விஜேவர்தன (1924 – 2010). பிற்காலத்தில் அவரே உழாமல் விதைக்கும் வேளாண்மையின் பக்கம் திரும்பினார் என்பது வேறு கதை. இன்று ஜப்பானிலிருந்து வந்தாலும் சீனத்திலிருந்து வந்தாலும் நமக்கு அது லான்ட்மாஸ்டர்தான்.

அந்த இயந்திரத்துக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. ஓட்டுவோர் யாவரும் அறிவர், அறியாத வாசகருக்காகச் சொல்கிறேன். இடப்பக்கப் பிடியை அழுத்தினால் இடச் சில்லுக்குச் செல்லும் விசை அறும். வலச் சில்லு மட்டும் தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பும். இது சமதரையில். இறக்கத்தில் இயந்திரம் வண்டியை இழுப்பதில்லை. பின்னிருந்து தள்ளும் பெட்டியைத் தடுத்துப் பிடிக்கிறது. அப்பொழுது இடப்பிடியை அழுத்தினால் இடச் சில்லு கட்டவிழ்ந்து விரைந்தோடும்; வலச் சில்லு பிடிபட்டு நிற்கும்; வண்டி வலப்பக்கம் திரும்பும். மேட்டில் ஒரு நீதி, பள்ளத்தில் அதற்கு எதிர்நீதி. மாணவருக்கு இது தெரியாததன்று. பதினைந்து ஆண்டுகள் ஓட்டியவர். பயத்தில் கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. பெட்டியில் ஒழுங்கான பிறேக் இருந்திருந்தால் அந்தக் கை எந்தப் பிடியையும் தேடியிருக்க வேண்டியதில்லை.

பார்க்கப் போன இடத்தில் இரண்டு பெட்டிகள் நின்றன. ஒன்று 9 அடி நீளம். புது நீலப் பூச்சு. பின்கதவில் மயில் படம். மற்றது 7 அடி. பூச்சு உரிந்து துருவேறிக் கிடந்தது. விலையில் அதிக வித்தியாசமில்லை. “இதிலே மூன்று சைக்கிள் ஏற்றலாம்” என்று தரகர் நீலப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். மாணவருடைய கண்ணும் அங்கேயே நின்றது. சாதாரணச் சைக்கிள் ஒன்றின் நீளம் ஏறக்குறைய ஆறே முக்கால் அடி; ஆகவே நீளப் பெட்டிமேல் ஆசை எழுவது நியாயமே.

நான் அவரை நீலப் பெட்டியின் பின் ஓரத்தில் ஏறி நிற்கச் சொன்னேன். வண்டி கொழுவப்படாமல் இழுவைத்தண்டு ஒரு கல்லின்மேற் கிடந்தது. அவர் ஏறியதும் தண்டு துலாவைப் போல மெல்ல மேலெழுந்தது. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் துலா மிதித்த தலைமுறை இதை நூலைப் பாராமலே அறிந்திருந்தது. ஆடுகாலுக்கு முன்னே நடந்தால் ஒரு பக்கம் தாழும், பின்னே நடந்தால் மறுபக்கம் தாழும். பெட்டிக்கு ஆடுகால் அதன் அச்சு.

கணக்கு எளியது. அச்சிலிருந்து கொழுவும் துளை 7 அடி தூரம் என்று கொள்வோம். இரண்டு சைக்கிள்களும் சேர்ந்து 240 கிலோ. அவற்றின் பாரம் அச்சுக்கு ஓரடி முன்னே நின்றால் கொழுவியின்மேல் ஏறக்குறைய 34 கிலோ அழுத்தும். வண்டியும் பெட்டியும் ஒன்றாய்ப் போகும். அதே பாரம் ஓரடி பின்னே நின்றால் அதே 34 கிலோ கொழுவியை மேலே தூக்கும். பின் ஓரத்தில், அச்சுக்கு மூன்றரை அடி பின்னாக, 50 கிலோப் பையன் ஒருவன் நின்றால் அவன் மட்டுமே 25 கிலோவைத் தூக்குகிறான். சைக்கிள் விழாமற் காக்க நிறுத்தப்பட்ட பையனே கொழுவியின் பாரத்தைத் திருடுகிறான். இதை நான் சொன்னபோது மாணவர் நெடுநேரம் பேசவில்லை. அதைச் சொல்லியிருக்கத்தான் வேண்டுமா என்று பின்னர் எண்ணினேன்.

சைக்கிள் பாரமான பொருளன்று. நெல்மூடைகளை ஆயிரம் கிலோ வரையில் இழுக்கும் பெட்டிக்கு 240 கிலோ ஒரு பொருட்டா? ஆனால் மூடை படுத்துக்கிடக்கிறது, சைக்கிளோ நிற்கிறது. ஒரு சாண் அகலமில்லாத இரண்டு ரயர்களின்மேல், உயரத்தில் எண்ணெய்த் தாங்கியும் நடுவே இயந்திரமுமாய் நிற்கிறது. மூடைக்கு வேண்டிய காற்றை ரயருக்கு அடித்துவிட்டுச் சைக்கிளை ஏற்றினால், ஒவ்வொரு குழியிலும் பெட்டி பந்து போலத் துள்ளும். அந்தத் துள்ளலே கயிற்றை இளக்கும்.

பிறகு நூல் ஒன்று கேட்டேன். கொழுவும் துளையிலிருந்து அச்சின் இடமுனைக்கும் வலமுனைக்கும் இழுத்து அளந்தோம். துருப்பிடித்த பெட்டியில் இரண்டும் ஒத்தன. நீலப் பெட்டியில் ஒன்றரை அங்குலம் வேறுபட்டது. அச்சு கோணியிருக்கிறது, ரயர் ஒரு பக்கமாகத் தேயும், வண்டி ஒரு பக்கமாக இழுபடும். பிறேக் மிதி அழகாகவே இருந்தது. கீழே குனிந்து பார்த்தால் மிதியிலிருந்து சில்லுக்குப் போகும் கம்பியே இல்லை. “அது பூட்டிக்கொள்ளலாம்” என்றார் தரகர். பூட்டிக்கொள்ளலாம் என்று விட்டதற்றான் ஒரு கால் முறிந்தது.

துருப்பெட்டியின் அடியில் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். குறுக்குச் சட்டங்கள் கணீரென்றன, ஒன்று மட்டும் சொத்தை. இழுவைத்தண்டு சட்டத்தோடு சேரும் இடத்திலேதான் ஒட்டு முதலில் வெடிக்கும், அங்கே வெடிப்பில்லை. சில்லைத் தூக்கி மேலும் கீழும் அசைத்தபோது பெயாரிங் ஆடியது, மாற்றுவதற்குப் பெருஞ்செலவில்லை. பெட்டிக்கும் தனியே பதிவும் இலக்கமும் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். புத்தகத்திலுள்ள இலக்கமும் சட்டத்திற் பொறித்த இலக்கமும் ஒன்றாயிருப்பதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டோம். துருப்பெட்டி வாங்கப்பட்டது. மயிலை விட்டுவர மாணவருக்கு மனம் வரவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அதனைச் சைக்கிளுக்கு ஏற்றதாக ஆக்குவதில் நாங்கள் ஒரு விதியை வைத்துக்கொண்டோம்: சைக்கிளுக்காகப் பூட்டுவது யாவும் மூடைக்காகக் கழற்றக்கூடியதாய் இருத்தல் வேண்டும். 5 அங்குல அகலமுள்ள இரண்டு இரும்புத் தவாளிகளைச் சில்லுக்கு வழியாக வைத்தோம். முன்முனையில் முன்சில்லு புகுந்து நிற்க ஆப்பு வடிவில் ஒரு தடை. எல்லாம் ஆணியில் நிற்கின்றன. ஆணியைப் பிடுங்கினால் தரை வெறுமையாகும். ஹாண்டில் இரண்டரை அடி அகலமாதலால் இரண்டு சைக்கிள்கள் ஒரே முகமாய் 4 அடிப் பெட்டியில் நிற்க மாட்டா. ஒன்று முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் நின்றாற் சரி. தடை வைக்கும் இடத்தை, இரண்டின் இயந்திரங்களும் அச்சுக்குச் சற்று முன்னே வருமாறு அளந்து குறித்தோம்.

கட்டும் வளையங்களை ஒட்டுக்கடைக்காரர் பக்கத் தகட்டில் ஒட்ட முனைந்தார். தகடு கிழிந்துவிடும், அடிச்சட்டத்திலேயே ஒட்டச் செய்தோம். ஒரு சைக்கிளுக்கு நான்கு கட்டு. முன்னே இரண்டு, முன்கவையின் கீழ்த்தட்டிலிருந்து இரு பக்கமும் சாய்வாக. ஹாண்டிலின் நுனியில் அன்று, அது திரும்பிவிடும். முன் சொக் பாதியளவு அமுங்குமாறு இறுக்கினாற் போதும்; முற்றாக நசித்தால் எண்ணெய் கசியும், இளக விட்டால் குழியில் துள்ளிக் கொக்கி கழன்றுவிடும். பின்னே இரண்டு, சில்லு பக்கவாட்டில் நகராமலிருக்க. தாங்கியை மடித்துவிட வேண்டும். பக்கத்தாங்கியில் நிறுத்திக் கட்டுவது நம்மூர் வழக்கம். ஒவ்வொரு குலுக்கலிலும் தாங்கி வளையும், கயிறு தளரும். நைலோன் கயிற்றை நீக்கி, பல்லுச்சக்கரத்தால் இறுக்கும் நாடாக்களை வாங்கினார். அரை மைல் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும்.

ஏற்றும் பலகை 8 அடி. தளம் 2 அடி உயரம். 6 அடிப் பலகையில் 115 கிலோச் சைக்கிளை ஏற்ற ஏறக்குறைய 38 கிலோ விசை வேண்டும், 8 அடியில் 29 போதும். பலகையின் மேல்முனையைப் பெட்டியோடு கொக்கியிட்டுக் கொள்ளல் அவசியம். இல்லையேல் சில்லு ஏறும் கணத்தில் பின்னே உதைபட்டு விழும். ஏற்றும்போது பாரம் முதலிற் பின்னோரத்தில் விழுவதால் தண்டு தூக்கும் அல்லவா? அதற்காகப் பின்னே மடிக்கக்கூடிய ஒரு முட்டுக்கால். பின்னால் இரண்டு சிவப்பு விளக்கும் ஒளிதெறிக்கும் தகடுகளும் வைத்தோம்; இருளில் விளக்கின்றி நிற்கும் பெட்டியில் மோதி மாண்டோர் செய்தியை நாம் பத்திரிகையில் வாசிக்காத மாதம் அருமை. உரம் ஏற்றிய நாளிற் கழுவாமற் சைக்கிளை ஏற்றக்கூடாது என்பதை மாணவரின் மனைவி கரியால் உட்சுவரில் எழுதிவைத்திருக்கிறார். யூரியா சங்கிலியையும் தின்னும், தளத்தையும் தின்னும்.

பிறேக்கைச் சோதிப்பதற்கு மட்டும் ஒரு முழு மாலை சென்றது. வெறும் பெட்டியோடும், பத்து மூடையோடும், பின்னர் இரண்டு சைக்கிள்களோடும் அதே குளக்கட்டுச் சரிவிற்கே சென்றோம். மேலே நிறுத்தி, முதற்பல்லுக்கு மாற்றி, பெட்டிப் பிறேக்கை மிதித்தபடியே இறங்கினார்; எந்தப் பிடியையும் அழுத்தவில்லை. பெட்டி வண்டியைத் தள்ளவில்லை. கீழே வந்து அச்சுக்குடத்தைத் தொட்டுப் பார்த்தோம், இளஞ்சூடு, அவ்வளவே.

பையனும் வந்திருந்தான். இன்னும் சற்றுக் கெந்தித்தான் நடக்கிறான். நாடாக்களை இறுக்கியவன் அவனே. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்தான். பழக்கத்தில் பின்னோரத்தைப் பிடித்து ஏறப் போனவனை மாமன் ஒரு சொல்லும் சொல்லாமற் பார்த்தார். அவன் கையை எடுத்துவிட்டு, தன் துவிச்சக்கர வண்டியை உருட்டிக்கொண்டு எங்களுக்குப் பின்னே வந்தான். அடுத்த கிழமை முதலாவதாக ஏற்றப் போவது மீன்காரரின் சைக்கிளாம்; கிளட்ச் தட்டுத் தேய்ந்துவிட்டது என்று அவரே தொலைபேசியில் அழைத்திருக்கிறார்.