சூப்பர் ஃப்ரூட் தேடி அலைய வேண்டாம்... தெருமுனையில் கொய்யா இருக்கே!

போன மாதம் ஊருக்குப் போயிருந்தப்போ, ஃப்ரிட்ஜ் மேல ஒரு பெரிய டப்பா. 'ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்த சூப்பர் ஃப்ரூட் பவுடர்', விலை 1,800 ரூபாய். "தினம் ஒரு ஸ்பூன் போட்டா சுகர் தானா இறங்கிடுமாம்" என்றார் அப்பா. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையையும் பாதியாகக் குறைத்திருந்தார். அதே தெருமுனையில் ஒரு பாட்டி கூடை நிறைய கொய்யா வைத்து விற்றுக்கொண்டிருந்தார்.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் என்ன?

நாம் சாப்பிடுவதை உடல் எரிசக்தியாக மாற்றும்போது 'ஃப்ரீ ராடிக்கல்ஸ்' என்ற மூலக்கூறுகள் உருவாகின்றன. புகைபிடித்தல், காற்று மாசு போன்றவை இவற்றை அதிகமாக்கும். அளவு மீறினால் செல்கள் சேதமாகும். அதைக் கட்டுப்படுத்துபவைதான் ஆன்டிஆக்ஸிடன்ட்கள். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கரோட்டினாய்டுகள் எல்லாம் இந்த வகை. உடலே சிலவற்றைத் தயாரித்துக்கொள்கிறது. மீதி காய், பழங்களில் இருந்து கிடைக்கிறது.

கொய்யாவில் என்ன இருக்கு?

100 கிராம் கொய்யாவில் சுமார் 228 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் சுமார் 53 மில்லிகிராம்தான். ஐசிஎம்ஆர் பரிந்துரைப்படி ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராமும், பெண்களுக்கு 65 மில்லிகிராமும் தேவை. அதாவது, நடுத்தர அளவில் ஒரு கொய்யா சாப்பிட்டாலே அன்றைய கணக்கு முடிந்தது! கூடவே 100 கிராமுக்கு 5 கிராம் நார்ச்சத்து. சிவப்புக் கொய்யா என்றால் தக்காளியில் இருக்கும் லைகோபீனும் சேரும்.

டிராகன் ஃப்ரூட்டும் நல்ல பழம்தான். ஆனால் வைட்டமின் சி விஷயத்தில் கொய்யாவின் பக்கத்தில்கூட அது வராது. விலையோ பல மடங்கு.

மாத்திரையா, பவுடரா எடுத்தா?

இங்கேதான் சிக்கல். பின்லாந்தில் புகைபிடிக்கும் சுமார் 29,000 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வெளியானது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. உணவில் இருந்து கிடைப்பதும், செறிவூட்டி டப்பாவில் அடைத்து விற்பதும் ஒன்றல்ல.

எந்த உணவில் எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் என்ற பட்டியலை அமெரிக்க வேளாண் துறை தன் இணையதளத்தில் வைத்திருந்தது. நிறுவனங்கள் அதை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துவதாகச் சொல்லி, 2012-ல் நீக்கிவிட்டது. சோதனைக் குழாயில் வரும் எண்ணுக்கும் நம் உடம்பில் நடப்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதுதான் காரணம்.

எப்படிச் சாப்பிடலாம்?

* நன்றாகக் கழுவி, தோலோடு கடித்துச் சாப்பிடுங்கள். சர்க்கரை போட்டு ஜூஸாக்கி வடிகட்டினால் நார்ச்சத்து போய்விடும்.
* உப்பு, மிளகாய்த்தூள் தூவினால் ருசிதான். பிபி இருப்பவர்கள் உப்பைத் தவிர்க்கலாம்.
* கீரை, பயறு சாப்பிடும் வேளையில் சேர்த்துக்கொண்டால் அதில் உள்ள இரும்புச்சத்தை உடல் கிரகிக்க வைட்டமின் சி உதவும். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இது முக்கியம்.
* சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியம் அளவு பார்க்க வேண்டும் என்பதால் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

யார் கேட்பது?

நோயைக் குணப்படுத்தும் என்று உணவுப் பொருளை விளம்பரம் செய்யக் கூடாது என எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 2018 விதிமுறை சொல்கிறது. அப்பா வாங்கிய டப்பாவிலும் அப்படி ஒரு வரி இல்லை. விற்க வந்தவர் வாயால் சொன்னார், வாட்ஸ்அப்பில் அனுப்பினார். லேபிளை மட்டும் சோதித்தால் இதைப் பிடிக்க முடியாது. இப்படி விற்பதையும் அதிகாரிகள் கண்காணிக்க வேண்டும்.

அப்பா இப்போது டாக்டரைப் பார்த்துவிட்டு மாத்திரையை முழுசாகப் போடுகிறார். சாயங்காலம் ஒரு கொய்யாவும் உண்டு. எந்தப் பழமும் மாத்திரைக்கு மாற்று கிடையாது. அதை நம் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவது நல்லது.