ஒரு தோட்டா, இரண்டு பெயர்கள்

‘தோட்டா பாய்ந்தது’ என்று நம் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. பாய்வது குண்டுதான். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி எழுப்பும் கேப்பு, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுமைக்கே தோட்டா என்று பெயர். இதை வலியுறுத்துவது சொற்பிடிவாதமாகத் தோன்றலாம். ஆனால் 1892இல் ஜெர்மனியின் மௌசர் நிறுவனம் உருவாக்கிய 7×57 தோட்டா இன்றும் வேட்டைத் துப்பாக்கிகளில் ஏன் நீடிக்கிறது என்பதை இவ்வேறுபாடின்றி விளக்க இயலாது.

7 என்பது குழலின் உள்விட்டம், 57 என்பது கூட்டின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். தொடக்கத்தில் இதில் ஏறத்தாழ 11 கிராம் எடையுள்ள, முனை மழுங்கிய நீண்ட குண்டு பொருத்தப்பட்டது. குறுகிய முகத்தின் பின்னால் இவ்வளவு எடை இருப்பதால் அது ஆழமாக ஊடுருவும். அதே கூட்டில் 9 கிராம் கூர்முனைக் குண்டைப் பொருத்தினால் வேகம் கூடும், பாதை தட்டையாகும்; தொலைவில் நிற்கும் மானுக்கு அது ஏற்றது. பின்னுதைப்பும் மிதமானது என்பதால் சுடுபவர் தோள் அஞ்சிக் குறி தவறுவது குறைவு. கூடு மாறவில்லை, குண்டு மாறுகிறது. பகுதியும் விகுதியும்போல என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. அது என் துறையின் நோய், விட்டுவிடுகிறேன்.

ஸ்பெயின் படை 1893இல் இதை ஏற்றது. 1898இல் கியூபாவில் அமெரிக்கரும், அடுத்த ஆண்டு தொடங்கிய போரில் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாரும் இதை எதிர்கொண்டனர். பின்னர் லண்டனின் ரிக்பி நிறுவனம் இதே தோட்டாவை ‘.275 ரிக்பி’ என்ற பெயரில் விற்றது. பகைவனின் படைக்கலம் அங்குலக் கணக்கில் பெயர் பூண்டு கனவான்களின் வேட்டைப் பெட்டிக்குள் நுழைந்தது. அப்பெயரும் குழலைத்தான் அளக்கிறது, குண்டின் விட்டமோ.284 அங்குலம்.

சம்பாவத்தின் ஆட்கொல்லிப் பெண்புலியை 1907இல் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்கு ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் ஹெவெட் பரிசளித்தது ஒரு .275 ரிக்பியே. ருத்ரபிரயாகையின் சிறுத்தை 1926இல் வீழ்ந்ததும் அதனால்தான். ஆப்பிரிக்காவில் டபிள்யூ. டி. எம். பெல் இதே தோட்டாவால் நூற்றுக்கணக்கான யானைகளைக் கொன்றார்.

பெல்லின் கணக்கைத் தோட்டாவின் வல்லமைக்குச் சான்றாக அடுக்குவோரோடுதான் எனக்கு உடன்பாடில்லை. அவர் யானையின் மண்டையோட்டை அறுத்து, மூளை எங்கே இருக்கிறது, எக்கோணத்தில் எட்டலாம் என்று கற்றவர். உலோக உறை முழுதும் மூடிய, சிதையாத குண்டையே பயன்படுத்தியவர். அந்த அறிவு இல்லாதவர் கையில் அதே தோட்டா, காயத்தோடு காட்டுக்குள் ஓடிச் சாகும் விலங்கைத்தான் தரும். பல ஆப்பிரிக்க நாடுகளின் சட்டம் இன்று யானைக்கு .375க்குக் குறைந்த துப்பாக்கியை ஏற்பதில்லை, அது சரியே. ‘பன்முகப் பயனுள்ளது’ என்ற அடைமொழி, சுடுபவரின் கல்வியையும் விலங்கு படும் பாட்டையும் ஒருசேர மறைத்துவிடுகிறது. மானிலிருந்து காட்டுப்பன்றிவரை இத்தோட்டா போதும் என்பது நியாயமான பாராட்டு. அதற்கு மேல் சொல்பவர் பெல்லைப் பாராட்டுகிறார், தோட்டாவை அன்று.

இந்தியாவில் 1972இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை ஏறக்குறைய முடிந்தது. இங்கு நிலைத்தது வேறொரு தோட்டா: ஆஸ்திரியப் படையின் 8×50. படைத்துறைத் தோட்டாக்களைக் குடிமக்களுக்கு மறுத்த காலனிய அரசின் விதியால் அது ‘.315’ என்ற பெயரில் புழக்கத்துக்கு வந்தது. இச்சாப்பூர் தொழிற்சாலை அதற்கான துப்பாக்கியைச் செய்தது. அதன் ஆயுளை நீட்டித்தது பெரும்பாலும் உரிமச் சட்டமே. ஆகவே வேட்டைக் குறிப்புகளையும் உரிமப் பதிவேடுகளையும் தரவாகக் கொள்ளும் மாணவர்கள் ‘.275 ரிக்பி’, ‘7 மி.மீ. மௌசர்’ எனக் காணும் இடங்களில் இரண்டு கருவிகள் என எண்ணிப் பட்டியலிட வேண்டாம்.