கணக்கைப் பிறர் பார்த்தால் கௌரவம் குறையுமா?

பருவநிலை மாற்றம் குறித்த ஐ.நா. உடன்படிக்கை அமைப்புக்கு இந்தியா தனது நான்காவது ஈராண்டு அறிக்கையை 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி அளித்தது. முந்தைய ஆண்டுடன் ஒப்பிடுகையில் 2020-இல் நாட்டின் பசுங்குடில் வாயு வெளியேற்றம் 7.93 சதவீதம் குறைந்துவிட்டது என்பதுதான் அந்த அறிக்கையிலிருந்து தில்லி பெருமையுடன் எடுத்துச் சொன்ன செய்தி.

புள்ளிவிவரம் பொய்யல்ல. ஆனால், காடுகளும் மரங்களும் பிற நிலப் பயன்பாடுகளும் உறிஞ்சிக்கொண்ட சுமார் 52.2 கோடி டன் கரியமில வாயுவைக் கழித்த பிறகு கிடைக்கும் நிகர அளவு அது. கழிக்காமல் பார்த்தால், 2019-இல் 313.2 கோடி டன்னாக இருந்த வெளியேற்றம் 2020-இல் 295.9 கோடி டன் ஆனது. அதாவது, குறைவு ஏறத்தாழ ஐந்தரை சதவீதம்தான். போதாக்குறைக்கு அது கொள்ளைநோய்த் தொற்றால் ஆலைகள் மூடப்பட்டு, ரயில்களும் விமானங்களும் நின்றுபோன ஆண்டு. இரண்டு எண்களுமே சரியானவை. எதை எதற்காகச் சொல்கிறோம் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. இப்படிப்பட்ட கணக்கை, எழுதியவரைத் தவிர வேறொருவரும் பார்க்க வேண்டுமா, வேண்டாமா என்பதே கடந்த பல ஆண்டுகளாக உலக நாடுகளுக்கிடையே நடந்துவரும் வாதம்.

இந்த வாதம் 2009-இல் கோபன்ஹேகன் மாநாட்டில் உச்சத்தைத் தொட்டது. வளரும் நாடுகளின் நடவடிக்கைகளைச் சர்வதேச அளவில் சரிபார்க்க வேண்டும் என்றது அமெரிக்கா. இது இறையாண்மையில் தலையிடுவதாகும் என்று சீனாவும் இந்தியாவும் எதிர்த்தன. 2020-ஆம் ஆண்டுக்குள் ஆண்டுதோறும் 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதில் அமெரிக்காவும் பங்கேற்கும் என்று அன்றைய வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளிண்டன் அந்த மாநாட்டில் அறிவித்தபோது, வெளிப்படைத்தன்மையையும் ஒரு நிபந்தனையாக வைத்தார். பணமும் கணக்கும் அன்றே ஒரே முடிச்சில் கட்டப்பட்டுவிட்டன.

அடுத்த ஆண்டு கான்கூன் மாநாட்டில் சமரசம் ஏற்பட்டது. அன்றைய சுற்றுச்சூழல் துறை அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதில் முக்கியப் பங்காற்றினார். "சரிபார்ப்பு" என்ற சொல்லுக்குப் பதிலாக "கலந்தாய்வும் பகுப்பாய்வும்" என்ற சொற்கள் வந்தன. ஆய்வு ஊடுருவுவதாக இருக்கக்கூடாது, தண்டிப்பதாக இருக்கக்கூடாது, நாட்டின் இறையாண்மையை மதிக்க வேண்டும் என்று மூன்று வேலிகள் போடப்பட்டன. இந்தியா பணிந்துவிட்டது என்று உள்நாட்டில் அப்போது கண்டனங்கள் எழுந்தன. ஆனால், அதன் பிறகு இந்தியா அளித்த ஈராண்டு அறிக்கைகளைப் பன்னாட்டு வல்லுநர்கள் பகுப்பாய்வு செய்தார்கள், பிற நாடுகள் கேள்வி கேட்டன, இந்தியா பதிலளித்தது. இறையாண்மைக்கு எந்தக் குந்தகமும் நேர்ந்துவிடவில்லை.

2015-இன் பாரிஸ் ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. வளர்ந்த நாடு, வளரும் நாடு என்ற வேறுபாடின்றி எல்லா நாடுகளும் வெளிப்படைத்தன்மை அறிக்கை அளிக்க வேண்டும்; அதை வல்லுநர் குழு ஆராயும். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கும் சிறு தீவு நாடுகளுக்கும் மட்டும் காலக்கெடுவில் சலுகை உண்டு. திறன் குறைந்த வளரும் நாடுகளுக்கு விதிகளில் நெகிழ்வு உண்டு. முதல் அறிக்கைக்கான கெடு 2024 டிசம்பர் 31. அதற்கு முந்தைய நாள் இந்தியா அளித்தது பழைய முறையிலான ஈராண்டு அறிக்கையைத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வல்லுநர் குழு என்றதும் மேலை நாட்டு அதிகாரிகள் கோப்புகளைக் கைப்பற்ற வருவதுபோல அச்சம் கொள்ளத் தேவையில்லை. குழுவில் இடம்பெறுவோரை அந்தந்த நாடுகளின் அரசுகளே பரிந்துரைக்கின்றன. தலைமை ஆய்வாளர்கள் இருவரில் ஒருவர் வளர்ந்த நாட்டையும் மற்றவர் வளரும் நாட்டையும் சேர்ந்தவராக இருப்பார். சொந்த நாட்டின் அறிக்கையை யாரும் ஆராய முடியாது. 2018-இல் போலந்தின் கத்தோவித்சே நகரில் வகுக்கப்பட்ட விதிகளின்படி, குழு அரசியல் தீர்ப்பு சொல்லக்கூடாது; ஒரு நாடு ஏற்றுக்கொண்ட இலக்கு போதுமா, போதாதா என்று ஆராயவும் கூடாது. கணக்கு முறையாக எழுதப்பட்டிருக்கிறதா, எங்கே விடுபட்டிருக்கிறது, எப்படிச் சீர்படுத்தலாம் என்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

பலம் குறைந்த ஏற்பாடு இது என்பதில் ஐயமில்லை. கியோட்டோ உடன்பாட்டின் கீழ் நிலைமை வேறாக இருந்தது. கணக்கெடுக்கும் பொறுப்பு ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு மாறியபோது கிரேக்க நாட்டின் கணக்கு முறை குலைந்தது. ஆய்வுக் குழு இதைச் சுட்டிக்காட்டியதும், 2008 ஏப்ரலில் அந்த நாடு கார்பன் வர்த்தகத்தில் பங்கேற்கும் தகுதியையே இழந்தது. குறைகளைக் களைந்த பிறகு அதே ஆண்டு நவம்பரில்தான் தகுதி திரும்பக் கிடைத்தது. பின்னர் பல்கேரியா, ருமேனியா, உக்ரைன் ஆகிய நாடுகளும் இதே கதிக்கு உள்ளாயின. அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்ட பிறகுதான் எல்லா நாடுகளும் பாரிஸ் ஏற்பாட்டுக்குள் வந்தன.

பல்லில்லாத ஆய்வால் என்ன பயன் என்ற கேள்வி எழலாம். இந்தியாவின் சொந்த அனுபவமே அதற்கு விடை சொல்கிறது. 1990-களின் தொடக்கத்தில், இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 கோடி டன் மீத்தேன் வாயுவை வெளியிடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டிருந்தது. வேறு நாடுகளில் எடுத்த அளவுகளை நமது வயல்களுக்கும் பொருத்திப் பார்த்ததால் வந்த வினை அது. பசியாற நெல் விளைவிக்கும் உழவர் புவி வெப்பமடைவதற்குக் குற்றவாளி ஆக்கப்பட்டார். தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த விஞ்ஞானி ஏ.பி. மித்ரா தலைமையில் 1991-இல் நாட்டின் பல பகுதிகளில் வயல்களில் இறங்கி அளந்தபோது, உண்மையான அளவு ஏறத்தாழ 40 லட்சம் டன்தான் என்று தெரியவந்தது. பத்தில் ஒரு பங்கு! அந்தக் குற்றச்சாட்டை முறியடித்தது மேடை முழக்கமல்ல, அளவுகோல். தன் கணக்கைத் தானே ஒழுங்காக எழுதாதவனுக்கு அடுத்தவன் கணக்கு எழுதிவிடுவான்.

அதே ஆபத்து இப்போது வேறு உருவில் வந்திருக்கிறது. இறக்குமதியாகும் உருக்கு, அலுமினியம், சிமெண்ட் முதலியவற்றின் மீது ஐரோப்பிய யூனியன் கொண்டுவந்துள்ள கார்பன் எல்லை வரி 2026 ஜனவரி முதல் தேதியிலிருந்து முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சரிபார்க்கப்பட்ட அளவைத் தர முடியாத ஆலையின் சரக்குக்கு ஐரோப்பாவே நிர்ணயித்த அளவு பொருந்தும். அந்த வரி நியாயமற்றது என்று இந்தியா வாதிடுவதில் பொருள் உண்டு. ஆனால், நம்பத்தகுந்த கணக்கு கையில் இல்லாமல் வாதாடுவது நிராயுதபாணியாகப் போருக்குச் செல்வதற்கு ஒப்பாகும்.

வெளிப்படைத்தன்மை ஒருவழிப் பாதையும் அல்ல. வளர்ந்த நாடுகள் தாங்கள் அளித்த நிதியுதவியின் கணக்கையும் இந்த அறிக்கைகளில் காட்டியாக வேண்டும். 2013, 2014 ஆண்டுகளில் சராசரியாக 5,700 கோடி டாலர் திரட்டப்பட்டதாகப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2015-இல் கூறியபோது, இந்திய நிதியமைச்சகம் அதை வரிக்கு வரி ஆராய்ந்து, நம்பத்தகுந்த தொகை 220 கோடி டாலர் மட்டுமே என்று மறுத்தது. கடனையும் உதவி என்று முழுமதிப்பில் எழுதிக்கொள்வதை இந்தியா கேள்வி கேட்டது முற்றிலும் சரி. அந்தக் கேள்வியைத் தொடர்ந்து கேட்பதற்கான களம் இந்த வல்லுநர் ஆய்வுதான். அடுத்தவர் பேரேட்டைப் புரட்டிப் பார்க்க விரும்புகிறவர் தன் பேரேட்டைப் பூட்டி வைக்க முடியாது.

உலகின் மிகப் பெரிய பொருளாதாரம் இந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறதே என்பது உண்மைதான். பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலக 2025 ஜனவரியில் முடிவெடுத்த அமெரிக்கா, அந்த ஆண்டு ஏப்ரலில் தர வேண்டிய வருடாந்திரக் கணக்கையும் தரவில்லை. ஆனால், வலியவர் விதியை மீறுகிறார் என்பதற்காக விதியே வேண்டாம் என்று சொன்னால் நட்டம் எளியவருக்குத்தான். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் உலகச் சராசரியைவிடக் குறைவாக மாசு வெளியிடும் நாடு இந்தியா. உண்மை வெளியே தெரிவதால் அதற்கு நன்மையே தவிர இழப்பில்லை.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. இந்தியாவின் முதல் தேசிய அறிக்கை 2004-இல் வந்தது, இரண்டாவது 2012-இல், மூன்றாவது 2023-இல். ஈராண்டு அறிக்கைகளும் 2016, 2018, 2021, 2024 என்று, இரண்டு ஆண்டு இடைவெளி என்ற பெயருக்குப் பொருந்தாமல்தான் வந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் அறிக்கைக்காக ஆய்வு நிறுவனங்களை ஒன்றுகூட்டுவதற்குப் பதிலாக, ஆண்டுதோறும் கணக்கெடுக்கும் நிரந்தர அமைப்பு ஒன்று சட்டத்தின் துணையோடு நிறுவப்பட வேண்டும். கிரேக்கம் கற்ற பாடம் இதுதான். மாநிலங்களும் தங்கள் மின்சாரம், போக்குவரத்து, வேளாண்மை, கழிவு ஆகியவற்றின் விவரங்களைக் காலம் தவறாமல் தர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஐ.நா.வுக்கு அனுப்பும் அறிக்கையும் அதன் மீது வல்லுநர்கள் சொல்லும் கருத்தும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டு விவாதிக்கப்பட வேண்டும். அரசின் வரவு செலவைத் தணிக்கை செய்யும் அறிக்கை அவையில் வைக்கப்படும்போது காற்றின் கணக்குக்கு மட்டும் விலக்கு எதற்கு? வெள்ளத்திலும் வறட்சியிலும் வெப்ப அலையிலும் இந்தக் கணக்கின் விலையைக் கொடுப்பவர்கள் இந்நாட்டு மக்கள். அந்நிய வல்லுநர்களுக்குத் தெரிவதற்கு முன்பாக அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.