பாட்டன் பெயர் எது?

“கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு பெயர் வேண்டும், அது எதுவானால் என்ன?” என்று கேட்கும் நண்பர்கள் நம் விடுதியில் பலர் உண்டு. சில திங்களுக்கு முன்புவரை நானும் அந்தக் கட்சிதான். என்னைக் கட்சி மாற வைத்தது அயர்லாந்தில் பிறந்த ஓர் ஆண் குழந்தை. அதன் முகத்தை நான் பார்த்ததில்லை. அதற்குப் பெயர் வைப்பதில் எழுந்த வழக்கை மட்டும் கேட்டேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் சில மாதம் தங்கி வேலை செய்ய அந்நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் வந்திருந்தார். அப்போது அவருடைய அண்ணனுக்குத் தலைமகன் பிறந்தான். தலைமகனுக்குத் தந்தையைப் பெற்ற பாட்டன் பெயரையும், அடுத்தவனுக்குத் தாயைப் பெற்ற பாட்டன் பெயரையும் இடுவது அயர்லாந்தின் பழைய வழக்கம். நமக்கு இது புதிதா? பாட்டனின் பெயரைத் தாங்கும் ‘பெயரன்’தானே நம் வாயில் ‘பேரன்’ ஆனான்! ஆகவே அந்த வீட்டில் என்ன பெயர் என்பதில் ஐயமே எழுந்திருக்கக் கூடாது. ஆனால் எழுந்தது. “டைக் என்று வைப்போம்” என்றார் அண்ணன். “டிமதி என்று வை” என்றார் அன்னையார். இருவர் சொன்னதும் மறைந்துபோன அந்த ஒரே பாட்டனின் பெயரைத்தான்! கெரிப் பகுதியில் பிறந்த அவர் வீட்டிலும் வயலிலும் டைக். பள்ளியிலும் தேவாலயத்திலும் அரசாங்க ஏட்டிலும் டிமதி.

இந்த இரண்டு பெயருக்கும் என்ன உறவு? ஒன்றுமே இல்லை. டைக் என்பது பழைய ஐரிஷ் பெயர். கவிஞன் என்பது அதன் பொருள். டிமதி கிரேக்கத்திலிருந்து விவிலியத்தின் வழியாக வந்த பெயர். முதலெழுத்தின் ஓசை ஒன்றுபோல் இருப்பதைத் தவிர வேறு பொருத்தம் கிடையாது. அந்த ஓர் ஓசையைப் பற்றிக்கொண்டு ஏட்டிலே டைக் டிமதி ஆனான். இவன் ஒருவன் மட்டுமா? டியர்மிட் ஜெரிமையா ஆனான். டொனகா டெனிஸ் ஆனான். கார்மக் சார்லஸ் ஆனான். கொனகர் கார்னீலியஸ் ஆனான். ஒரு நாட்டின் ஆண்மக்கள் பலர் இரட்டைப் பெயரோடு வாழ்ந்தார்கள்: ஒன்று அம்மா கூப்பிட, ஒன்று அதிகாரி கூப்பிட.

இது தானாக நேர்ந்ததன்று. 1366ஆம் ஆண்டில் கில்கென்னி நகரில் ஒரு சட்டம் இயற்றினார்கள். அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர் ஐரிஷ் மொழி பேசி, ஐரிஷ் பெயர் சூட்டி, அம்மக்களோடு கலந்துவிடுவதைக் கண்டு அஞ்சி, ஆங்கிலேயர் ஆங்கிலப் பெயரையே தாங்கவேண்டும் என்றது அச்சட்டம். நூறாண்டு கழிந்தது. 1465இல் வந்த சட்டம் ஐரிஷ்காரர் மேலேயே பாய்ந்தது. டப்ளினைச் சூழ்ந்த ஆங்கில ஆட்சிப் பகுதியில் வாழ்பவர்கள் ஓர் ஊரின் பெயரையோ, ஒரு நிறத்தின் பெயரையோ, ஒரு தொழிலின் பெயரையோ ஆங்கிலத்தில் குடும்பப் பெயராக வைத்துக்கொள்ளவேண்டும் என்று விதித்தது. கொல்லன் மகன் என்று பொருள்படும் மக் கவன் ஸ்மித் ஆனதும் உண்டு. பேரன் என்னும் பொருளுடைய ‘ஓ’, மகன் என்னும் பொருளுடைய ‘மக்’ ஆகிய முன்னொட்டுகளைப் பல குடும்பங்கள் காலப்போக்கில் உதறிவிட்டன. பெயரிலிருந்து பேரனையே நீக்கிவிட்டார்கள்!

சட்டத்தைவிடக் கொடியது ஏளனம். டைக் என்ற பெயர் மிகப் பரவலாக இருந்ததால், ‘டீக்’ என்று அதைச் சிதைத்து ஐரிஷ்காரன் எவனையும் இழிவாகக் குறிக்கும் வசைச்சொல்லாக ஆங்கிலேயர் ஆக்கினார்கள். வட அயர்லாந்தில் கத்தோலிக்கரைத் திட்டும் சொல்லாக அது இன்றைக்கும் இருக்கிறது. கவிஞன் என்ற பெயர் வசையாகிவிட்டால் எந்தத் தாய் தன் மகனுக்கு அதைச் சூட்டுவாள்? 1831க்குப் பின் வந்த அரசாங்கப் பள்ளிகள் ஆங்கிலத்திலேயே கற்பித்தன. 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர். அவ்வளவு பேரே கப்பலேறினர். ஐரிஷ் பேசிய ஏழை மேற்குப் பகுதிகளே மிகுதியாக அழிந்தன. எஞ்சியோர் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பும் எண்ணத்தோடு வளர்த்தனர். அங்கே பிழைக்க டிமதி உதவுவான், டைக் உதவமாட்டான். அந்த அன்னையாரின் பிடிவாதத்துக்குப் பின்னால் இத்தனை நூற்றாண்டு அச்சம் இருக்கிறது. அவரை நான் குறை சொல்லேன்.

ஆயினும் அச்சத்தை வென்றவர்களும் அந்நாட்டில் இருந்தார்கள். 1892 நவம்பரில் டப்ளினில் பேசிய டக்ளஸ் ஹைட் என்னும் அறிஞர், மொழியோடு சேர்த்து மக்கள் தம் பெயர்களையும் கைவிடுவதைக் கண்டித்தார். அடுத்த ஆண்டே கேலிக் சங்கம் தோன்றியது. 1905இல் நடந்த வழக்கு ஒன்றைக் கேளுங்கள். டோனிகால் பகுதிக் கவிஞர் ஒருவர் தம் வண்டியில் தம் பெயரை ஐரிஷ் எழுத்தில் எழுதிவைத்தார். படிக்கக்கூடிய எழுத்தில் இல்லை என்று அபராதம் விதித்தார்கள். அவருக்காக வாதாடிய இளம் வழக்கறிஞர் பாட்ரிக் பியர்ஸ். வழக்குத் தோற்றது. சொந்த நாட்டில், சொந்த வண்டியில், சொந்தப் பெயர் குற்றமாயிற்று! அந்தப் பியர்ஸ்தான் 1916 எழுச்சிக்குத் தலைமை தாங்கி, துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டியவர். அதே எழுச்சியில் உயிர் தப்பிப் பின்னர் நாட்டை ஆண்ட டி வேலரா, பிறப்பு ஏட்டில் ஜார்ஜ், பிறகு எட்வர்டு, கேலிக் சங்கத்தில் சேர்ந்தபின் ஏமன். பெயரியக்கத்தையும் விடுதலை இயக்கத்தையும் அந்நாட்டில் பிரித்துப் பார்க்க முடியாது.

இனி, அந்த அன்னையாரின் பக்கத்தில் நின்று பேசுவோரின் தடைகளைப் பார்ப்போம்.

முதல் தடை: எழுதுவது ஒன்று, ஒலிப்பது ஒன்று, உலகத்தார்க்கு இது விளங்குமா? டைக் என்பதை ஐந்து எழுத்தில் எழுதுகிறார்கள். நடுவே ஒரு ‘டி’யும் ‘எச்’சும் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கின்றன. ஆங்கிலக் கண்ணுக்கு இது குழப்பம். ஆனால் ஐரிஷ் எழுத்துக்குத் தனி ஒழுங்கு உண்டு. முன்காலத்தில் மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்து அதன் ஒலி மெலிவதைக் காட்டினார்கள். அந்தப் புள்ளிக்குப் பதிலாகப் பின்னர் வந்ததே ‘எச்’. நாம் ஒரே ககரத்தைக் கண்ணன் என்பதில் ஒரு விதமாகவும், தங்கம் என்பதில் ஒரு விதமாகவும், அகம் என்பதில் ஒரு விதமாகவும் ஒலிக்கவில்லையா? அது நமக்கு இயல்பு. அவர்களுடையது அவர்களுக்கு இயல்பு. மேலும், கில்லியன் மர்ஃபி என்ற ஐரிஷ் நடிகர் ஓப்பன்ஹைமராக நடித்து 2024இல் ஆஸ்கர் பரிசு வாங்கினார். அயர்லாந்தின் ரக்பி ஆட்டக்காரர் டைக் ஃபர்லாங்கின் பெயர் பல நாட்டு மைதானங்களில் ஒலிக்கிறது. புகழ் வந்தால் உலகம் தானே நாக்கைத் திருத்திக்கொள்கிறது. புகழ் வராதவனுக்கும் அந்த மரியாதை உரியது என்பதே என் வாதம்.

இரண்டாவது தடை: பழம்பெயர் என்று கொண்டாடுவதில் பாதி அயற்பெயர்தானே? உண்மை. ஷான் நார்மன் பிரெஞ்சு வழியாக வந்த யோவான். லியம் வில்லியத்தின் வால். பாட்ரிக் இலத்தீன். ஆனால் அவை வந்த வீட்டின் உடையை உடுத்திக்கொண்டன. இலட்சுமணனை இலக்குவன் என்றும் விபீடணனை வீடணன் என்றும் கம்பர் பாடவில்லையா? அயற்சொல்லைத் தன் ஓசைக்குள் அழைத்துக்கொள்வது மொழியின் உயிர்ப்பு. டைக்கை விரட்டிவிட்டு அவன் நாற்காலியில் டிமதியை உட்காரவைப்பது அப்படிப்பட்டதன்று.

மூன்றாவது தடைதான் கூர்மையானது: மொழியே பேசாதவர்களுக்கு அம்மொழிப் பெயர் எதற்கு? 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்றவர்கள் சுமார் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் பேசுபவர்களோ ஏறத்தாழ 72 ஆயிரம் பேர்தாம். ஆனால் அண்மை ஆண்டுகளின் குழந்தைப் பெயர்ப் பட்டியலில் ரீயன், கில்லியன், டைக், உஷீன் எல்லாம் முன்வரிசையில் நிற்கின்றன. பெயர் பெருகுகிறது, பேச்சு பெருகவில்லை. இது வெறும் நாகரிகம் என்று சிரிப்பவர்களின் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சிரித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஷான் என்னும் பெயரில் உயிரெழுத்தின் மேல் ஒரு சிறு கோடு உண்டு. கோட்டை விட்டுவிட்டால் அச்சொல்லுக்குக் ‘கிழட்டு’ என்று பொருள் வந்துவிடும். அலுவலகக் கணிப்பொறிகள் அந்தக் கோட்டை விழுங்குகின்றன என்று பெற்றோர் முறையிட்டு முறையிட்டு, 2021இல் திருத்திய மொழிச் சட்டத்தில் அந்தக் கோட்டுக்கும் இடம் வாங்கினார்கள். மொழியை நாள்தோறும் பேசாதவர்களும் அந்தக் கோட்டுக்காகக் குரல் கொடுத்தார்கள். பெயர் மொழியின் கடைசி வேர். அது இருந்தால் மரம் மீண்டும் தளிர்க்கலாம்; அதுவும் போனால் தளிர்க்க ஒன்றுமில்லை.

ஆகவே அந்த அண்ணனுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: டைக் என்றே வையுங்கள், ஐந்து எழுத்தும் குறையாமல் எழுதுங்கள். ஆனால் பெயரைச் சூட்டியதோடு கடமை முடிந்தது என்று எண்ணாதீர்கள். கவிஞன் என்று பெயரிட்ட பிள்ளைக்கு அம்மொழியில் நான்கு பாட்டாவது சொல்லிக்கொடுங்கள். இல்லாவிட்டால் பெயர் வெறும் பூச்சாகிவிடும். அன்னையாருக்கும் ஒரு சொல்: வீட்டில் தாங்கள் அவரை எப்படி அழைத்தீர்களோ, அதுவே அவர் பெயர். ஏட்டில் எழுதியவர் அவரை அறியார்.

நம் நாட்டிலும் இப்படி ஒரு காலம் உண்டு. சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற் கலைஞர் ஆனார். வேதாசலம் மறைமலை ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். அவர்கள் தாமாக விரும்பி மாறினார்கள். அயர்லாந்திலோ முதலில் பறிபோனது, பிறகு மீட்டார்கள். கதை வேறு; அக்கறை ஒன்று.

நண்பர்களே, எழுத வந்ததில் கடினமானதை இறுதியில் வைத்தேன். என் பெயரில் ஒரு ழகரம் உண்டு. அது என் பாட்டனார் பெயர். இங்கே வந்த முதல் வாரத்தில் வருகைப் பதிவு எடுத்தவர் அந்த எழுத்தில் இடறினார், வகுப்பு சிரித்தது. அவர் கேட்காமலே, “முதல் இரண்டு எழுத்தைச் சொன்னால் போதும்” என்று நானே சொன்னேன். என்னை எவரும் வற்புறுத்தவில்லை. எந்தச் சட்டமும் இல்லை. சென்ற ஆண்டு என் முதல் ஆய்வுக் கட்டுரை அச்சேறியபோது, அந்த வெட்டுண்ட பெயரே ஆசிரியர் வரிசையில் ஏறியது. மகிழ்ச்சியோடு ஊருக்கு அனுப்பினேன். அப்பா வாங்கிப் படித்துவிட்டு, “நன்றாயிருக்கிறது, இதில் நீ எங்கே?” என்று கேட்டார்.

1465ஆம் ஆண்டுச் சட்டம் செய்த வேலையை நான் கூலியில்லாமல் செய்திருக்கிறேன். அடுத்த கட்டுரை இப்போது என் மேசையில் இருக்கிறது. அதில் பாட்டனார் முழுப்பெயரோடு இருப்பார். நாளை வகுப்பில் உங்கள் பெயரைத் தவறாகப் படித்தால் சினம் வேண்டா, வெட்கமும் வேண்டா. எழுந்து நின்று, ஒருமுறை, தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள். எத்தனை முறை இடறினாலும் அத்தனை முறையும் சொல்லுங்கள்.