கைப்பேசியில் மருத்துவர், நம் மொழி எங்கே?



இதய நோயாளிக்கு மருத்துவமனைச் சோதனை என்றாலே ஒரு நாள் சம்பளம் போய்விடும். துணைக்குப் போகும் பிள்ளைக்கும் அதே கதி. நம் நாடாளுமன்றம் 1997-இலேயே தொலைமருத்துவச் சட்டத்தை இயற்றியது. இன்று சில அரசாங்க கிளினிக்குகளில் காணொளிச் சந்திப்பு உண்டு. பயன்படுத்துங்கள்!

ஆனால் மலாயும் ஆங்கிலமும் சரளமாக வராத நம் தாய்மார்கள், "நெஞ்சை அடைக்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது" என்பதைத் திரைமுன் எப்படிச் சொல்வார்கள்? தமிழில் பேச ஆள் கேட்பது சலுகை அல்ல, உரிமை. முன்பதிவின்போதே கேளுங்கள்.

சந்திப்புக்கு முன் ரத்த அழுத்தம், எடை, உண்ணும் மருந்துகள் அனைத்தையும் எழுதி வையுங்கள். இதயம் பலவீனமானவருக்கு இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ கூடினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று பொருள். கால் வீக்கத்தைக் காட்டுங்கள். பிள்ளைகளே, பெற்றோர் பக்கத்தில் அமருங்கள்.

திடீர் நெஞ்சுவலியும் வியர்வையும் வந்தால் திரைக்காகக் காத்திராதீர்கள். உடனே 999-ஐ அழையுங்கள். கைப்பேசி இசிஜி எடுத்துத் தராது. ஏழைக்குத் திரை, பணக்காரருக்கு மருத்துவர் என்ற நிலை வந்தால் நாம் வாய்மூடி இருக்கலாமா? சிந்திப்போம்!