சிங்கப்பூர் நாலு மணி நேரம். போரூர் எவ்வளவு நேரம்?

சென்னையிலேர்ந்து சிங்கப்பூருக்கு சுமார் 2,900 கிலோமீட்டர். விமானத்துல நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. "மதுரைக்கு பஸ்ல போறதுக்குள்ள இங்க வந்துடலாம்ப்பா"ன்னு அங்க வேலை பாக்குற என் பையன் சொல்லுவான். அந்தக் காலத்துல எம்.வி. சிதம்பரம்னு ஒரு கப்பல். அதுல போனவங்களுக்கு ஒரு வாரம் ஆகும். 1985-ல அது தீப்பிடிச்சதோட அந்தக் கதை முடிஞ்சுது.

போன வருஷம் ஐப்பசியில எங்கம்மா காலமானாங்க. விடியக்காலை அஞ்சு மணி. அங்க ஏழரை. பையனுக்குப் போன் போட்டேன். கிடைச்ச டிக்கெட் நம்ம நேரத்துக்குப் பதினொன்றரைக்கு. முக்கால் மணி நாலுக்கு மீனம்பாக்கத்துல இறங்கி, நாலரைக்கெல்லாம் கையில ஒரு பையோட வெளிய வந்துட்டான்.

பூந்தமல்லிக்கு மேற்கே எங்க ஊரு. அங்கேர்ந்து இருபது கிலோமீட்டர் இருக்கும். அன்னைக்கு நல்ல மழை. போரூர் தாண்டவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்னு பெரியவங்க சொன்னாங்க. அஞ்சரை வரைக்கும் பார்த்தோம். அவன் வந்து சேர்ந்தப்ப ஆறரை. பேரன் நெய்ப்பந்தம் பிடிக்கணும்னு எங்கம்மாவுக்கு ஆசை. என் தம்பி மகன்தான் பிடிச்சான்.

2,900 கிலோமீட்டருக்கு நாலேகால் மணி நேரம். இருபது கிலோமீட்டருக்கு ரெண்டு மணி நேரம். இதுதாங்க கணக்கு.

இப்போ பரந்தூர்ல புது விமான நிலையம்னு 2022-ல அறிவிச்சாங்க. ஐயாயிரம் ஏக்கருக்கு மேல நிலம் எடுக்கணும். நெல் விளையற நிலமும் ஏரி குளமும் அதுக்குள்ள வருது. ஏகனாபுரத்துக்காரங்க ஆயிரம் நாளைத் தாண்டியும் போராடிட்டு இருக்காங்க. மீனம்பாக்கத்துல இனிமே பெருசாக்க இடம் இல்லைன்னு சொல்றாங்க. அதையும் நான் மறுக்கலை. ஆனா பரந்தூர் சென்னையிலேர்ந்து 70 கிலோமீட்டர். பூந்தமல்லியிலேர்ந்தே 50 பக்கம். அங்க இறங்குறவரு அம்பத்தூருக்கோ ஆவடிக்கோ எத்தனை மணிக்கு வீடு சேருவாரு? மெட்ரோ வரும்னு சொல்றாங்க. வரட்டும், சந்தோஷம். அது ஓடின பிறகு நிலத்தைக் கேட்கலாமே?

ஆகாயத்துல போற நாலு மணி நேரத்தை யாராலயும் குறைக்க முடியாது. தரையில போற நேரத்தைக் குறைக்கலாம். அதுக்கு ரோடு வேணும், மழைத்தண்ணி வடிய வழி வேணும். ஒரு ஊரோட ஏரியும் வயலும் எதுக்கு?

பட்டணத்துல இருக்குற நீங்க அடுத்த தடவை ஒரு ஊரு எவ்வளவு தூரம்னு பார்க்கும்போது, விமான நேரத்தை மட்டும் பார்க்காதீங்க. வாசப்படியிலேர்ந்து வாசப்படி வரைக்கும் எண்ணிப் பாருங்க. என் பையன் அன்னைக்குக் கிளம்புனதுலேர்ந்து அப்படித்தான் எண்ணிக்கிட்டு வந்திருக்கான்.