காசு கொடுத்து பயப்படுவது ஏன்? பேய்ப்படம் நம்மை இழுக்கும் ரகசியம்

காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கி ஒத்தையில் நடந்தால் வருகிற பயத்தை யாரும் விரும்புவதில்லை. ஆனால் அதே பயத்துக்கு தியேட்டரில் டிக்கெட் எடுக்கிறோம். 2024 ஏப்ரலில் 'கில்லி' மறுவெளியீட்டை நம்பியிருந்த தியேட்டர்களுக்கு, மே 3-ல் வந்த 'அரண்மனை 4'தான் கூட்டத்தைக் கொண்டுவந்தது.

காரணம் என்ன? பயந்தால் அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கும். ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் அந்தப் படபடப்பே குஷியாகிவிடும். கொரோனா காலத்தில் 310 பேரிடம் நடந்த ஆய்வில், திகில் பட ரசிகர்களுக்கு மனஉளைச்சல் குறைவாக இருந்தது தெரிந்தது. அதற்காக படம் பார்த்ததால்தான் தைரியம் வந்தது என்று சொல்லிவிட முடியாது.

நம்ம ஊர் பேய்க்கு இன்னொரு கணக்கும் உண்டு. 'காஞ்சனா'வில் (2011) பேயாக வருவது கொலை செய்யப்பட்ட திருநங்கை. உயிரோடு இருந்தபோது கிடைக்காத நியாயத்தை செத்த பிறகு வாங்குகிறார். அலறிய அதே கூட்டம் கடைசியில் பேய்க்காக விசில் அடிப்பது இதனால்தான்.

குழந்தைகளோடு போகிறவர்கள் மட்டும் போஸ்டரைக் கவனியுங்க. யு/ஏ சான்றிதழ் இப்போது 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிந்திருக்கிறது.